கரண்ட் போன அந்தப் பதினைந்து நொடி: மைக் செட் கேள்வி–பதில்

இந்த இதழில், மைக் ஒலிகளைக் கலந்து அனுப்பும் மிக்சருக்கு மாற்று மின்சாரம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்துள்ளோம்.

கல்யாண மண்டபங்களுக்கு சவுண்ட் சர்வீஸ் செய்கிறோம். மிக்சர் பெரிங்கர் எக்ஸ்32, மேடையில் மைக்குகளைச் செருகி மிக்சரோடு இணைக்கும் டிஜிட்டல் ஸ்டேஜ் பாக்ஸ். ஈபி போனால் ஜெனரேட்டர் எடுக்க 15 நொடி ஆகிறது. அதன்பிறகு மிக்சர் எழுந்து தயாராவதற்குள் மேளக்காரர், புரோகிதர், மாமனார் எல்லோரும் எங்களையே பார்க்கிறார்கள். 600 விஏ யூபிஎஸ் போதுமா? ஆம்ப்களையும் (ஆம்ப்ளிஃபயர்) அதிலேயே போடலாமா?
– கும்பகோணம் வாசகர்

ஆம்ப்களை யூபிஎஸ் பக்கமே கொண்டுபோக வேண்டாம். நான்கு ஆம்ப் ஒரே நேரத்தில் ஆன் ஆகும்போது இழுக்கும் முதல் மூச்சு கரண்டே சிறிய யூபிஎஸ்ஸை ஓவர்லோடில் தள்ளிவிடும். மிக்சரும் சேர்ந்து படுக்கும். உங்களுக்கு யூபிஎஸ் செய்ய வேண்டிய வேலை இரண்டுதான். ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவிலுள்ள அந்தப் பதினைந்து நொடி மிக்சர் கண்மூடாமல் இருக்க வேண்டும். ஜெனரேட்டரும் மக்கர் செய்தால், ஷோவுக்கான அமைப்புகளை மிக்சரில் சேமித்து ஒழுங்காக அணைக்கப் பத்து நிமிடம் கிடைக்க வேண்டும். அந்தப் பதினைந்து நொடி ஸ்பீக்கர் பாக்ஸ்களில் சத்தம் இருக்காதுதான். ஜெனரேட்டர் எடுத்தவுடன் வந்துவிடும்.

இனி கணக்கு. எக்ஸ்32 எடுப்பது 120 வாட். லேப்டாப் சார்ஜருக்கு 60, வைஃபை ரவுட்டருக்கு 10, மேசை விளக்குக்கு 5 என்று வைத்தால் மிக்சர் மேசையில் ஏறக்குறைய 200 வாட். யூபிஎஸ் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் விஏ எண்ணை நம்பாதீர்கள், பக்கத்தில் சின்னதாக இருக்கும் வாட் எண்தான் உங்களுக்கு. சாதாரண 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் தான் தரும். 200 வாட்டைத் தாங்கும் என்றாலும் உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பேட்டரி ஒன்றே ஒன்று. அதிலிருந்து 20 ஆம்பியர் உருவினால் புது பேட்டரிகூட எட்டு, ஒன்பது நிமிடத்தில் கைவிரித்துவிடும். அதே 7 ஏஹெச் பேட்டரி இரண்டு உள்ள 1 கேவிஏ (1000 விஏ) யூபிஎஸ்ஸில் ஆளுக்கு 10 ஆம்பியர்தான். இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கும். பேட்டரி இரட்டிப்பானால் நேரமும் இரட்டிப்பாக வேண்டியதுதானே, ஏன் அதைவிடக் கூடுகிறது என்று கேட்கலாம். ஈய பேட்டரியை வேகமாகக் கறந்தால் கொள்ளளவில் பாதிகூட வெளியே வராது, நிதானமாகக் கறந்தால் வரும். 7 ஏஹெச் என்று எழுதியிருப்பதே 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. இரண்டு வருடம் ஆன பேட்டரிக்கு இந்த நிமிடங்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஆகவே 600 விஏ வேண்டாம், 1 கேவிஏ வாங்குங்கள்.

எந்த வகை என்பது அடுத்தது. லைன் இன்டராக்டிவ் வகை, ஈபி போனபின் பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். டிஜிட்டல் மிக்சரின் எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை) ஒரு சைக்கிள் அளவு, அதாவது 20 மில்லி செகண்ட் வரை தாக்குப்பிடிப்பது வழக்கம், எனவே பொதுவாக அணையாது. ஆனால் மின்னழுத்தம் ஏற்கெனவே 180-க்கு இறங்கியிருக்கும் மண்டபத்தில் கரண்ட் போனால், யூபிஎஸ் யோசித்து முடிப்பதற்குள் மிக்சர் ரீஸ்டார்ட் ஆவதுண்டு. மலிவான மாடல்கள் பேட்டரியில் தருவது சுத்தமான சைன் அலையும் அல்ல, படிக்கட்டு அலை. ஆன்லைன் வகையில் மிக்சர் எப்போதும் இன்வெர்ட்டர் வழியாகவே ஓடுகிறது. மாறும் நேரம் என்பதே கிடையாது. எடை, விலை, விடாமல் ஓடும் விசிறி ஆகிய மூன்றும் அதன் குறைகள். லட்சக்கணக்கில் விலையுள்ள மிக்சருக்கு 1 கேவிஏ ஆன்லைன்தான் எங்கள் பரிந்துரை.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மிக்சருக்கு யூபிஎஸ் வைத்துவிட்டு மேடையிலிருக்கும் ஸ்டேஜ் பாக்ஸை ஈபியில் நேராகச் செருகிவிடுவார்கள். கரண்ட் போனால் மிக்சர் விழித்திருக்கும், ஸ்டேஜ் பாக்ஸ் செத்திருக்கும். அது எழுந்து மிக்சரோடு மறுபடி கைகோக்கும்வரை ஒரு மைக்கும் வராது. மேடையில் ஸ்டேஜ் பாக்ஸுக்கும் கார்ட்லெஸ் ரிசீவர்களுக்கும் தனியாக ஒரு சைன் அலை 600 விஏ யூபிஎஸ் வையுங்கள். அங்கே மொத்தம் 100 வாட்டைத் தாண்டாது, அதற்கு 600 தாராளம்.

கரண்ட் போனதும் ஆபரேட்டர் செய்ய வேண்டியது: மெயின் ஃபேடரை (மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) இறக்கு, லேப்டாப் பாட்டை நிறுத்து. மிக்சர் விழித்திருப்பதால் பாட்டு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஆம்ப் திரும்பியதும் நடு சரணத்தில் வந்து குதிக்கும். ஜெனரேட்டர் எடுத்து ஐந்து நொடி நிதானித்தபின் ஃபேடரை ஏற்றலாம். யூபிஎஸ்ஸில் மீதமிருக்கும் சாக்கெட்டுகளை டேப் போட்டு மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் முகூர்த்தம் முடிவதற்குள் அங்கே நான்கு செல்போன் சார்ஜரும் ஒரு டேபிள் ஃபேனும் குடியேறியிருக்கும்.

ஈபியில் ஒழுங்காக இருக்கும் யூபிஎஸ், ஜெனரேட்டருக்கு மாறியதும் டக் டக் என்று பேட்டரிக்கும் லைனுக்கும் தாவிக்கொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்து மிக்சர் அணைந்தது. யூபிஎஸ் பழுதா?
– பரமக்குடி வாசகர்

பழுதில்லை. ஜெனரேட்டர் தருவதை அது கரண்ட் என்றே ஏற்க மறுக்கிறது. ஈபியில் 50 ஹெர்ட்ஸ் பெரிதாக அசையாது. மெக்கானிக்கல் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்துவது) உள்ள டீசல் செட் லோடு இல்லாதபோது 52-க்கு மேல் ஓடி, முழு லோடில் 50-க்கு வரும்படி அமைக்கப்பட்டிருக்கும். சீரியல் செட்டும் பார் லைட்டும் மொத்தமாக அணைந்து எரியும்போது வேகம் ஏறி இறங்கும், வோல்டேஜும் கூடவே ஆடும். யூபிஎஸ்ஸின் வரம்பை அது தாண்டுகிற ஒவ்வொரு முறையும் பேட்டரிக்குத் தாவும். இப்படித் தாவிக்கொண்டே இருந்தால் சார்ஜ் ஏற நேரம் கிடைக்காது. சிறிய யூபிஎஸ்கள் தீர்ந்த பேட்டரியை நிரப்ப ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்பவை.

முதலில் ஜெனரேட்டர்காரரிடம், லோடு ஏறிய நிலையில் 49.5-க்கும் 51-க்கும் நடுவில் நிற்கும்படி வேகத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்; ஃப்ரீக்வென்சி காட்டும் மல்டிமீட்டரை நீங்களே வைத்துப் பாருங்கள். அடுத்து, யூபிஎஸ்ஸில் சென்சிடிவிட்டி அமைப்பு இருந்தால் அதைக் குறைவுக்கு மாற்றுங்கள். மூன்றாவது, லைட்டும் சவுண்டும் ஒரே ஃபேஸில் இருந்தால் பிரியுங்கள். இதிலெல்லாம் அடங்காவிட்டால் ஆன்லைன் வகைதான் வழி. அதில் பல மாடல்கள் 40 முதல் 70 ஹெர்ட்ஸ் வரை உள்ளே வருவதை ஏற்றுக்கொண்டு, வெளியே சொந்தமாக 50 ஹெர்ட்ஸ் தயாரித்துத் தரும். வாங்குமுன் விவரத் தாளில் உள்ளீட்டு ஃப்ரீக்வென்சி வரம்பைப் படித்துவிடுங்கள். 50 கூட்டல் கழித்தல் 5 என்று மட்டும் போட்டிருந்தால், லோடு சட்டென்று மாறும் ஜெனரேட்டர் ஷோக்களுக்கு அது போதாமல் போகலாம்.

கைப்பிடி வைத்த சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரில் டிஜிட்டல் மிக்சரை யூபிஎஸ் இல்லாமல் நேராகப் போடவே கூடாது.

அம்மன் கோயில் கொடையில் யூபிஎஸ் வழியாகத்தான் மிக்சர் போட்டிருந்தோம். திடீரென்று டியூப் லைட்டெல்லாம் பிரகாசமாகி யூபிஎஸ் புகைந்தது, மிக்சர் சப்ளையும் போய்விட்டது. யூபிஎஸ் காப்பாற்ற வேண்டாமா?
– சாத்தான்குளம் வாசகர்

நீங்கள் சொல்லும் அறிகுறி நியூட்ரல் அறுந்ததற்கானது. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு ஃபேஸுக்கும் 230 வோல்ட். அது எங்காவது கழன்றால் மூன்று ஃபேஸ் லோடுகளும் 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்குபோட ஆரம்பிக்கும். லோடு அதிகமுள்ள ஃபேஸில் வோல்டேஜ் சரியும், குறைவாக உள்ளதில் ஏறும். கோயில் கொடையில் ஒரு ஃபேஸில் ஊர் முழுக்க சீரியல் லைட் தொங்கும், இன்னொன்றில் உங்கள் மிக்சரும் இரண்டு டியூப் லைட்டும் இருக்கும். 350-ஐத் தாண்டிய வோல்டேஜ் யாரைத் தேடி வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. யூபிஎஸ் ஏற்கும் உச்சம் ஏறக்குறைய 300 வோல்ட். அதற்கு மேல் போனால் அதுதான் முதல் பலி. ஸ்டேபிலைசரும் இதற்கு உதவாது.

தேவைப்படுவது ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் ரிலே. மெயின் போர்டில் எம்சிபி பக்கத்தில் மாட்டுகிற சின்னச் சாதனம். மேல் வரம்பு 270, கீழ் வரம்பு 170, திரும்ப இணைக்கும் தாமதம் 30 நொடி என்று வைத்து, மேடை டிஸ்ட்ரிபியூஷன் பெட்டியிலேயே நிரந்தரமாகப் பொருத்துங்கள். மூன்று ஃபேஸ் எடுப்பவர்கள் மூன்றையும் கண்காணிக்கும் ரிலேயை நான்கு போல் கான்டாக்டரோடு (மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் சுவிட்ச்) சேர்த்துப் போடச் சொல்லவேண்டும். ரிலே கண நேரத்தில் வெட்டாது. சில நூறு மில்லி செகண்ட் ஆகலாம். பெரும்பாலான சமயம் அதுவே போதும்.

அதைவிட முக்கியம், லைன் எடுக்குமுன் பார்ப்பது. லைட்டுகள் எல்லாம் எரியும் நிலையில் மூன்று ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வோல்டேஜ் எடுங்கள். ஒன்றுக்கொன்று 20 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த நியூட்ரலை நம்பாதீர்கள், ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஐந்து வோல்ட்டைத் தாண்டினாலும் அப்படியே. பழைய மண்டபங்களில் நியூட்ரலுக்கும் ஒரு கிட்காட் ஃபியூஸ் போட்டு வைத்திருப்பார்கள். ஃபேஸுக்குக் காவலாக இருக்கும் ஃபியூஸ், மூன்று ஃபேஸ் போர்டில் நியூட்ரலுக்கு வந்தால் எமனாகிவிடும்: அது மட்டும் உருகினால் மண்டபம் முழுக்க இதே கதைதான். அந்த இடத்தில் கட்டியான செம்பு லிங்க் இருக்க வேண்டும். ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சின் நியூட்ரல் தகடு தேய்ந்து கருத்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும். மைக் செட் பையன் கையில் டெஸ்டரைக் கொடுத்து போர்டுக்குள் அனுப்பாதீர்கள்.

எங்கள் தேவாலயத்தில் 12 சனல் அனலொக் மிக்சரும் இரண்டு பவர்ட் ஸ்பீக்கரும்தான். வீடுகளுக்குப் போடுகிற இன்வேட்டரும் 150 ஏஹெச் பற்றரியும் அன்பளிப்பாகக் கிடைத்தன. திருப்பலி முழுவதையும் அதில் நடத்தலாமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

நடத்தலாம். சின்ன அமைப்புகளுக்கு யூபிஎஸ்ஸைவிட இதுவே தோது. ஸ்பீக்கரின் முதுகில் 1000 வாட் என்றிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரசங்கத்துக்கும் மிதமான பாட்டுக்கும் ஒவ்வொன்றும் சராசரியாக 60, 80 வாட்தான் இழுக்கும். மிக்சர் 30 வாட். எல்லாம் சேர்த்து 200, தாராளமாக 250 என்று வைத்தாலும் நல்ல நிலையிலுள்ள 150 ஏஹெச் பேட்டரி நான்கு மணி நேரம் நிற்கும்.

இன்வெர்ட்டர் சைன் அலையா, சதுர அலையா என்று மட்டும் முதலில் உறுதிசெய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள அனலாக் மிக்சரைச் சதுர அலையில் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும், ஒலியில் 'ஜ்ஜ்ஜ்' என்று ஒரு வண்டு புகுந்துவிடும். அதை டோனைத் திருத்தும் எந்த ஈக்யூவாலும் விரட்ட முடியாது. பின்புறம் யூபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று சுவிட்ச் இருந்தால் யூபிஎஸ் மோடில் வையுங்கள். நார்மலில் மாறுவதற்கு 40 மில்லி செகண்ட் வரை போகும், மின்விசிறிக்கு அது பரவாயில்லை, எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போதாது. பேட்டரியைப் பாடகர் குழுவின் பக்கத்தில் வைக்காமல் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, டிஸ்டில்டு வாட்டர் அளவை மாதம் ஒருமுறை பாருங்கள்.

யூபிஎஸ் போட்டதிலிருந்து பாக்ஸில் உறுமல். எர்த் பின்னை உடைத்தால் நின்றுவிடுகிறது. அப்படியே ஓட்டலாமா?
– திண்டுக்கல் வாசகர்

கூடாது. எர்த் இல்லாத மிக்சரில் எஸ்எம்பிஎஸ் ஃபில்டர் வழியாகக் கசியும் மின்சாரம் உலோக உடம்பில் ஏறி நிற்கும். பாடகர் மைக்கில் உதடு வைத்தால் சுருக்கென்று அடிக்கும். சாதனத்தில் உண்மையான பழுது வந்த நாளில் அது சுருக்கோடு நிற்காது.

உறுமலுக்குக் காரணம் யூபிஎஸ் இல்லை. மிக்சர் மேசைக்கு மண்டபத்தின் பின்சுவர் பிளக்கிலிருந்தும், ஆம்புக்கு மேடைப் போர்டிலிருந்தும் கரண்ட் எடுத்திருப்பீர்கள். இரண்டு எர்த்துக்கும் நடுவே இருக்கும் சில வோல்ட் வித்தியாசம் அனலாக் மல்டிகேபிளின் ஷீல்டு வழியாக ஓடுகிறது. மேடைப் போர்டிலிருந்தே 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் கேபிள் ஒன்றை மிக்சர் வரை இழுத்து, அதில் யூபிஎஸ்ஸைச் செருகுங்கள். 50 மீட்டர் போனாலும் 3 ஆம்பியருக்கு இழப்பு மூன்று வோல்ட்டுக்குள்தான். பெரும்பாலும் இத்தோடு உறுமல் போய்விடும். மிச்சமிருந்தால் மிக்சருக்கும் ஆம்புக்கும் நடுவே ஒலி செல்லும் ஒயரில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம்.

இதோடு தொடர்புள்ள ஒரு எச்சரிக்கை. யூபிஎஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் அதிகம். பிடுங்கினால் எர்த்தும் போய்விடும். சுவர் சுவிட்சை அணையுங்கள். ஃபேஸ் மட்டும் துண்டிக்கப்படும், எர்த் அப்படியே இருக்கும்.

சபா கச்சேரியில் கரண்ட் போனதும் யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்தி ஆலாபனையைக் கெடுக்கிறது.
– மயிலாப்பூர் வாசகர்

மியூட் பட்டன் பெரும்பாலான மாடல்களில் உண்டு. சிலவற்றில் ஆன் பட்டனையே ஒரு நொடி அழுத்த வேண்டும், சிலவற்றில் கம்ப்யூட்டரில் இணைத்து அதன் மென்பொருளில்தான் அணைக்க முடியும். பேட்டரி தீரும் தறுவாயில் வரும் கடைசி எச்சரிக்கையைச் சில மாடல்களில் அடக்கவே முடியாது. வாங்குமுன் கடையிலேயே பிளக் போர்டை அணைத்து, கத்தவிட்டு, நிறுத்திப் பாருங்கள். ஆன்லைன் யூபிஎஸ் என்றால் விசிறிச் சத்தத்தையும் கேளுங்கள்.

பஜனை குழுவுக்கு யமஹா எம்ஜி10 மிக்சர். அடாப்டருக்குப் பதில் 12 வோல்ட் பேட்டரியையோ பவர் பேங்கையோ நேராகக் கொடுக்கலாமா?
– திருவண்ணாமலை வாசகர்

முடியாது. அந்த அடாப்டரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், அவுட்புட் என்ற இடத்தில் டிசி இருக்காது, ஏசி என்றிருக்கும். உள்ளே அந்த ஏசியிலிருந்துதான் கூட்டல், கழித்தல் சப்ளைகளும் மைக்குக்கான 48 வோல்ட்டும் பிரித்தெடுக்கப்படுகின்றன. பேட்டரியைக் கொடுத்தால் மிக்சர் எழாது. 600 விஏ யூபிஎஸ்ஸில் அடாப்டரைச் செருகுங்கள். இவ்வளவு சின்ன லோடுக்கு ஒன்றரை மணி நேரம்வரை வரும். மின்சேமிப்பு என்ற பெயரில் லோடு குறைவாக இருந்தால் தானே அணைந்துகொள்ளும் யூபிஎஸ்கள் உண்டு; பஜனைக்கு முந்தின நாளே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

யூஎஸ்பி 5 வோல்ட்டில் ஓடும் ஏஜி03 போன்றவற்றுக்குப் பவர் பேங்க் பொருந்தும். ஆனால் பவர் பேங்கைச் சார்ஜரில் போட்டுக்கொண்டே மிக்சரை ஓட்டாதீர்கள். கரண்ட் போகும் கணத்தில் பல பவர் பேங்குகள் ஒரு நொடி அவுட்புட்டை வெட்டித் திரும்பத் தரும். முழுக்க ஏற்றி, தனியாகப் பயன்படுத்துங்கள். டேப்லெட்டில் மிக்ஸ் செய்கிறவர்கள் ரவுட்டரை மறந்துவிடுவார்கள். ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும்.

எங்கள் பெரிய டிஜிட்டல் மிக்சரில் இரண்டு பவர் சப்ளை இருக்கிறது. இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் போட்டிருக்கிறோம். சரிதானே?
– கோயம்புத்தூர் வாசகர்

இல்லை. யூபிஎஸ் பழுதானால் இரண்டும் சேர்ந்து போகும். ஒன்றை யூபிஎஸ்ஸிலும் மற்றதை ரிலே பாதுகாப்புள்ள நேர் லைனிலும் போடுங்கள். யமஹா சிஎல் வரிசைக்கு பிடபிள்யூ800டபிள்யூ என்ற வெளிச் சப்ளையைச் சேர்த்து இதே பலனைப் பெறலாம். ஒற்றைச் சப்ளை மிக்சர் வைத்திருப்பவர்கள் யூபிஎஸ்ஸுக்கு வரும் அதே லைனில் ஒரு காலி சாக்கெட்டும் ஒரு பவர் கார்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ் செத்தால் மிக்சர் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும், ஷோ நிற்காது.

கல்யாண சீசனில் இருபது நிமிடம் நின்ற யூபிஎஸ், மார்கழி முழுக்க கோடவுனில் கிடந்துவிட்டுத் தையில் எடுத்தால் மூன்று நிமிடம்கூட நிற்கவில்லை. பேட்டரிக்கு ஒரு வருடம்தான் ஆகிறது.
– நாமக்கல் வாசகர்

கடைசி ஷோவில் பாதி தீர்ந்த பேட்டரியை அப்படியே வண்டியிலிருந்து இறக்கி வைத்திருப்பீர்கள். ஈய பேட்டரி காலியாகக் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. போதாக்குறைக்கு, சில யூபிஎஸ்கள் ஆஃப் செய்தபின்னும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

வேலை முடிந்து வந்ததும் எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டு, முழுதாக நிரப்பி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கும் என்றால் உள்ளே பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் சார்ஜ். கழற்றிய நிலையில் 12.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் உடனே ஏற்ற வேண்டும். தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தவகை பேட்டரிக்குப் பொது விதி. நம் வெயிலில் இரண்டிலிருந்து மூன்று வருடம் வந்தால் அது நல்ல பேட்டரி.

மாற்றும்போது இரண்டு பேட்டரி உள்ள யூபிஎஸ்ஸில் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது வீண் செலவு. பழையது சீக்கிரம் காலியாகிப் புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டையும் ஒரே கம்பெனி, ஒரே மாதத் தயாரிப்பாக வாங்கி, போட்ட தேதியை மார்க்கர் பேனாவால் யூபிஎஸ் மூடியிலேயே எழுதுங்கள். மாதம் ஒருமுறை 100 வாட் குண்டு பல்பு இரண்டைச் செருகி, சுவர் சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதையும் அதன் பக்கத்தில் எழுதி வாருங்கள். முதல் எண்ணில் பாதிக்கு வந்ததும் புது பேட்டரிக்குச் சொல்லிவிடுங்கள்.